போத்தல் சுமப்பவர்களின் படம்

சென்ற தவணையில் எமது தமிழ் மன்றக் கூட்டத்தில் ‘நான் பார்த்த ஒரு படம்’ என்ற தலைப்பில் ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் பேச வேண்டியிருந்தது. என் முறை வந்தபோது ஒரு சைக்கிள் ஓட்டப் போட்டியைப் பற்றிய ஆவணப்படத்தைச் சொன்னேன். 1976இல் பிரான்சில் நடந்த போட்டி. எடுத்தவர் டென்மார்க் நாட்டுக்காரர். பின்வரிசையில் சிரிப்புக் கேட்டது. கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்தார். கோபமாக அல்ல, உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டார்: “நல்லாத்தான் பேசினீங்க மகள். ஆனா சேறு பூசிக்கொண்டு சைக்கிள் ஓடுற வெள்ளைக்கார ஆம்பிளைகள்ட படத்தில எங்கட பிள்ளைகளுக்கு என்ன இருக்கு?”

அதற்குள் மணி அடித்துவிட்டது. எனக்கு உடனே பதிலும் வரவில்லை. இந்த மலரில் எழுத இடம் கிடைத்ததால் அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன். டீச்சர் வாசிப்பார் என்று நம்புகிறேன். சிரித்த தோழியரும் வாசிக்கலாம்.

முதலில் என் ஊரைச் சொல்ல வேண்டும். வீடு கொட்டகலையில். ஹற்றனிலிருந்து நுவரெலியா போகும் ஏ7 வீதியோரம் வாப்பாவுக்கு ஒரு சின்னப் பலசரக்குக் கடை. புகைவண்டியில் வந்தால் ஹற்றனை விட்டுச் சிங்கமலைச் சுரங்கத்தைத் தாண்டியதும் எங்கள் நிலையம். ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம், அல்லது இறக்கம். சமதரை என்று சொல்ல விளையாட்டு மைதானத்தைத் தவிர அதிகமில்லை. ஆகவே எங்கள் பக்கத்தில் சைக்கிள் பாதி நேரம் ஏறிப் போவதும் மீதி நேரம் தள்ளிப் போவதுமான வாகனம். அதை வைத்திருப்பவர்களும் குறைவு. விடுதியில் என் பக்கத்துக் கட்டில் தோழி காத்தான்குடி. அவள் சைக்கிளில் ட்யூஷன் போய்வந்த கதைகளைச் சொல்லும்போது, அவள் வேறொரு நாட்டில் வளர்ந்தவள் போல எனக்குத் தோன்றும்.

எங்களுக்குப் போட்டி என்றால் ஏப்ரல். நுவரெலியாவில் வசந்த காலக் களியாட்டம் தொடங்கியதும் மகாகஸ்தோட்டையிலும் ரதல்லையிலும் மோட்டார்ப் பந்தயம் நடக்கும். அதற்குப் போகும் வாகனங்கள் எங்கள் கடை வாசலால் இரைந்துகொண்டு ஏறும். புத்தாண்டு விளையாட்டு விழாக்களில் மரதனும் சைக்கிள் ஓட்டமும் இருக்கும். முன்னால் வரும் இரண்டு மூன்று பேருக்குக் கைதட்டுவார்கள். அரை மணி நேரம் கழித்து வருபவரை யாரும் பார்ப்பதில்லை. அவருக்குப் பின்னால் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்கும்.

2022இல் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது எங்கள் வீட்டுக்கும் ஒரு சைக்கிள் வந்தது. பழைய லுமாலா. அந்த மாதங்களில் சைக்கிள் விலை ஏறிய ஏற்றம் பலருக்கும் நினைவிருக்கும். வாப்பா எவ்வளவு கொடுத்தார் என்று உம்மாவிடம் கடைசிவரை சொல்லவே இல்லை. கடைக்குச் சாமான் ஏற்றத்தான் வாங்கினார். பின்னேரங்களில் நானா அதை எனக்குப் பழக்கித் தந்தார். எனக்கு அப்போது 14 வயது. இரண்டு மாதத்தில் ஒரு சின்ன ஏற்றத்தை இறங்காமலே ஏறக் கற்றுக்கொண்டேன். பிறகு ஒருநாள் கடைக்கு வந்த ஊர்ப் பெரியவர் ஒருவர், “குமர்ப்பிள்ளை ரோட்டில சைக்கிள் ஓடுறா போல” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சீனிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனார். வாப்பா ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் காலையில் சைக்கிள் பின் அறையில், அரிசி மூட்டைகளுக்கு மேலே, கொக்கியில் தொங்கியது. ஓடக்கூடாது என்று எனக்கு எவரும் சொல்லவில்லை. அதனால் ஏன் என்று எவரிடமும் கேட்கவும் முடியவில்லை.

நானா அந்த வருடமே கொழும்புக்குப் போய்விட்டார். வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் கிடைக்காததால் முதல் எட்டு மாதம் மிதிசைக்கிளில்தான் செய்தார். அவர்தான் எனக்கு அந்தப் படத்தின் இணைப்பை அனுப்பினார். கூடவே ஒரு வரி: “முன்னுக்குப் போறவன விடு தங்கச்சி. தண்ணி கொண்டுபோறவனப் பாரு. அது நான்தான்.”

அந்தப் படத்தின் பெயர் ‘நரகத்தில் ஒரு ஞாயிறு’. இயக்கியவர் ஜோர்கன் லெத். கவிஞரும் கூட. 1976 ஏப்ரல் 11ஆம் திகதி நடந்த பாரிஸ் – ரூபே போட்டியின் ஒரே ஒரு நாளை, விடியலிலிருந்து மாலை வரை, பல கமெராக்களையும் ஒரு ஹெலிகொப்டரையும் வைத்துப் படமாக்கினார். ஏறக்குறைய 270 கிலோமீற்றர் தூரம். அதில் பல பகுதிகள் கருங்கல் பதித்த பழைய வயல் பாதைகள். ‘வடக்கின் நரகம்’ என்ற பட்டப்பெயர் அந்தக் கற்களால் வந்தது என்றே நானும் நினைத்திருந்தேன். அப்படியல்ல. முதலாம் உலகப் போர் முடிந்து 1919இல் பாதை பார்க்கப் போன பத்திரிகையாளர்கள், குண்டு விழுந்து மரமில்லாமல், ஊரில்லாமல் கிடந்த நிலத்தைக் கண்டு எழுதிய சொல் அது.

படம் வீரர்களோடு தொடங்கவில்லை. ஒரு தொழிலாளி சைக்கிளை மெதுவாகத் துடைத்துச் சுத்தம் செய்வதில் தொடங்குகிறது. எனக்கு அங்கேயே படம் பிடித்துப்போனது. பிறகு அன்றைய பெரிய பெயர்கள் வருகின்றன: எடி மேர்க்ஸ், ரோஜர் டி விளமிங்க், பிரெடி மார்டென்ஸ், பிரான்செஸ்கோ மோசர். மேர்க்ஸும் டி விளமிங்க்கும் ஏற்கெனவே தலா மூன்று முறை இதே போட்டியை வென்றவர்கள். மேர்க்ஸ் தம் இருக்கையின் உயரம் சரியில்லை என்று திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டே இருக்கிறார். பரீட்சை மண்டபத்தில் பென்சிலைத் தீட்டிக்கொண்டே இருக்கும் பிள்ளையை எனக்கு நினைவூட்டினார்.

நடுவழியில் போட்டி நின்றுவிடுகிறது. வீதியை மறித்து ஆட்கள் நிற்கிறார்கள். ‘ல பரிசியென் லிபரே’ என்ற பத்திரிகையின் அச்சுத் தொழிலாளர்கள். அந்தப் பத்திரிகையின் உரிமையாளர் குழுமத்துக்கும் போட்டியை நடத்தியவர்களுக்கும் தொடர்பு இருந்தது. ஆகவே நாடு பார்க்கும் இடத்தில் வந்து மறித்தார்கள். லெத் அந்தக் காட்சியை வெட்டி எறியவில்லை. வேறொரு இயக்குநர் என்றால் ‘போட்டிக்குச் சம்பந்தமில்லாதது’ என்று எறிந்திருப்பார். எனக்கு உடனே 2018ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள் நினைவுக்கு வந்தன. நாளொன்றுக்கு 1,000 ரூபா அடிப்படைச் சம்பளம் கேட்டுத் தோட்டத் தொழிலாளர் எங்கள் வீதியில் உட்கார்ந்தபோது நான் பாடசாலை பஸ்ஸுக்குள் இருந்தேன். பத்து வயது. பஸ் பிந்துகிறதே என்ற கவலை மட்டும்தான் எனக்கு. நாளொன்றுக்கு மொத்தம் 1,000 ரூபா என்பது 2021இல்தான் வர்த்தமானியில் வந்தது. பிரான்சின் வீதி மறியலை ஒரு விளையாட்டுப் படம் பத்திரமாக வைத்திருக்கிறது. எங்கள் வீதி மறியலை, செய்தியில் வந்த அரை நிமிடத்துக்கு மேல், யார் வைத்திருக்கிறார்கள்?

இனி அந்தப் படத்தின் முடிவு. மார்டென்ஸ் விழுந்து போட்டியிலிருந்து விலகுகிறார். அவருக்கு உதவுவதற்காக அதே குழுவில் சம்பளத்துக்கு ஓடியவர் மார்க் டி மேயர். காற்றைத் தடுத்துக் கொடுப்பது, எதிரிகளைத் துரத்துவது, தன் பலத்தைத் தலைவருக்காகச் செலவழிப்பது, இவையே அவருடைய வேலை. தலைவர் இல்லை என்றானதும் அவர் முன்னால் போகிறார். கடைசியில் நால்வர் ஒன்றாக ரூபே நகரின் ஓட்டத்திடலுக்குள் நுழைகிறார்கள். மோசரையும் டி விளமிங்க்கையும் முந்தி வெல்பவர் டி மேயர். கதையாக எழுதியிருந்தால் நம்பமாட்டோம். ஆறு வருடத்தின் பின், 1982 ஜனவரியில், 31 வயதிலேயே மாரடைப்பால் அவர் காலமாகிவிட்டார் என்று பிறகு வாசித்தேன். அதன்பின் அந்தக் கடைசி ஓட்டத்தைச் சந்தோஷமாக மட்டும் பார்க்க முடியவில்லை.

(போட்டி முடிந்து வீரர்கள் குளித்துக்கொண்டே பேட்டி கொடுக்கும் காட்சி ஒன்றும் உண்டு. அதை நான் விரலால் தள்ளிவிட்டேன். மன்றத்தில் திரையிடுவதாக இருந்தால் அந்த ஐந்து நிமிடத்தை வெட்டித் தருவதாக டீச்சருக்கு வாக்குத் தருகிறேன்.)

நானா சொன்ன ‘தண்ணி கொண்டுபோறவன்’ அதே இயக்குநரின் முந்திய படத்தில்தான் முழுதாக வருகிறான். 1973ஆம் ஆண்டின் இத்தாலியச் சுற்றுப் போட்டியை வைத்து எடுத்து 1974இல் வெளிவந்த படம். பெயரே ‘நட்சத்திரங்களும் தண்ணீர் சுமப்போரும்’. அந்தப் போட்டியை மேர்க்ஸ் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை முன்னணியை விடாமல் வென்றார். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது மற்றவர்கள். வீதிச் சைக்கிள் போட்டி வெளியிலிருந்து பார்த்தால் தனிமனிதப் போட்டி. உள்ளே அது குழு வேலை. ஒருவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓடினால் காற்றின் எதிர்ப்புக் குறைந்து, மூன்றில் ஒரு பங்கு வரை சக்தி மிச்சமாகும். ஆகவே தலைவரை வெல்ல வைக்க மற்றவர்கள் மாறிமாறி முன்னால் போய்க் காற்றை வாங்குகிறார்கள். தலைவரின் டயர் வெடித்தால் தம் சில்லைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீதியோரம் நிற்கிறார்கள். தாகம் எடுத்தால் பின்னால் காருக்குப் போய், சட்டைக்குள்ளும் பைக்குள்ளும் போத்தல்களை நிரப்பிக்கொண்டு, மறுபடி முன்னால் ஏறி வந்து பகிர்கிறார்கள். பிரெஞ்சில் இவர்களுக்குப் பெயர் ‘டொமெஸ்டிக்’. வீட்டு வேலையாள் என்பதுதான் பொருள். மாலையில் முடிவுப் பட்டியலில் அவர்கள் பெயர் எண்பதாவது, தொண்ணூறாவது இடத்தில் இருக்கும். அது தோல்வி அல்ல. அன்றைய வேலையை முடித்த கணக்கு.

நான் தோட்டத்துப் பிள்ளை அல்ல. டவுன் கடைக்காரரின் மகள். அவர்களின் கஷ்டத்தை என் கஷ்டமாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் கடையில் கணக்குக் கொப்பி எழுதுபவள் நான். மாதம் பத்தாம் திகதிக்குப் பிறகு யார் வீட்டில் எத்தனை அரைப்பேர் விழுந்திருக்கிறது என்பது அந்தக் கொப்பியில் தெரியும். நிறுவையில் கொழுந்து குறைந்தால் முழு நாள் நின்றவருக்கும் அரை நாள் பேர். உலகம் குடிக்கும் தேயிலைக்குப் பெயர் உண்டு, கொம்பனிக்குப் பெயர் உண்டு, பக்கெட்டில் மலையின் உயரம்கூட எழுதியிருக்கிறது. பறித்தவரின் பெயருக்கு அங்கே இடமில்லை. இதை எனக்கு யாரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை. தண்ணீர் சுமக்கும் ஓர் இத்தாலியனைப் படத்தில் பார்த்த பிறகுதான் என் கண்ணெதிரே இருந்ததைக் கண்டேன். டீச்சரின் கேள்விக்கு என் முதல் பதில் இதுதான்.

அதற்காக இவ்வகைப் படங்கள் எல்லாவற்றையும் புகழ வரவில்லை. எனக்குள் ஒரு பெரிய முறைப்பாடு இருக்கிறது. இவை வேதனையை அழகாக்குகின்றன. சேறு அப்பிய முகம், நடுங்கும் கை, மெதுவாக ஓடும் காட்சி, பின்னணியில் உருக்கமான இசை. லெத் கூட விதிவிலக்கல்ல; கல் பாதையில் ஆட்கள் விழும்போது அவர் பாடகர் குழுவைப் பாட வைக்கிறார். பார்க்க மெய்சிலிர்க்கிறது. சிலிர்த்த பிறகு யோசித்தால் கூச்சமாக இருக்கிறது. தேயிலை விளம்பரங்களில் சிவப்புச் சேலை உடுத்துப் பொட்டு வைத்துச் சிரித்துக்கொண்டு கொழுந்து பறிக்கும் பெண்ணை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் படத்தில் அட்டை இல்லை, மழைக்குச் சுற்றும் கறுப்புப் பொலித்தீன் இல்லை, கூடைக் கயிறு நெற்றியில் இறுக்கிய தழும்பு இல்லை. சைக்கிள் படங்கள் தழும்பைக் காட்டத்தான் செய்கின்றன, ஆனால் பதக்கம் போலக் காட்டுகின்றன. இரண்டிலும் கமெரா ஏதோ ஒன்றை விற்கிறது.

பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் 1962இல் எடுத்த ‘விவ் லெ டூர்’ இந்த நோயிலிருந்து தப்பிய படம். 18 நிமிடம்தான். வீரர்கள் வழியிலுள்ள கடைகளுக்குள் பாய்ந்து அகப்பட்ட சோடாப் போத்தல்களை அள்ளிக்கொண்டு ஓடுவதை அது சிரித்துக்கொண்டே காட்டுகிறது. அந்தக் கடைக்காரர்கள் யாரிடம் காசு கேட்டிருப்பார்கள் என்று நான் யோசித்தேன். கடைக்காரர் மகளின் புத்தி. அதே படம் ஊக்கமருந்து எடுத்துத் தள்ளாடும் ஒருவரையும் காட்டுகிறது. அறுபது வருடங்களுக்கு முன்பே கமெராவுக்குத் தெரிந்திருக்கிறது.

தெரிந்தும் பிறகு ஏமாந்தது. லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங் 1999 முதல் 2005 வரை ஏழு முறை பிரான்ஸ் சுற்றுப் போட்டியை வென்றார். புற்றுநோயிலிருந்து மீண்டவர் என்பதால் உலகம் அவரைக் கொண்டாடியது. 2009இல் அவர் திரும்பவும் போட்டிக்கு வந்தபோது அலெக்ஸ் கிப்னி என்ற அமெரிக்க இயக்குநர் அந்த மீள்வருகையைப் புகழ்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஊக்கமருந்து விடயம் வெளியாகி, 2012இல் ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. கிப்னி என்ன செய்தார்? எடுத்ததைக் குப்பையில் போடவும் இல்லை, தனக்கு முன்பே தெரியும் என்று நடிக்கவும் இல்லை. தானும் மயங்கினேன் என்பதை உள்ளே வைத்தே படத்தை மாற்றி, 2013இல் ‘ஆம்ஸ்ட்ரோங் பொய்’ என்ற பெயரில் வெளியிட்டார். தன் பிழையைத் தன் படைப்பிலேயே ஒப்புக்கொண்ட அந்தத் துணிவுக்காக அந்தப் படத்தை மதிக்கிறேன். பொய் சாட்சியம் எவ்வளவு பெரிய பாவம் என்று நமக்குச் சிறுவயதிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆவணப்படம் எடுப்பதும் ஒரு சாட்சியம்தான்.

அண்மையில், 2023இலிருந்து, நெட்ஃபிளிக்ஸில் பிரான்ஸ் சுற்றுப் போட்டி பற்றிய தொடர் ஒன்று வந்தது. நானாவின் கணக்கில் விடுமுறையில் சில பகுதிகள் பார்த்தேன். படப்பிடிப்பு அபாரம். ஆனால் மூன்று விநாடிக்கு ஒரு வெட்டு. வில்லன், கதாநாயகன், அழுகை, அடுத்த நாள். தண்ணீர் சுமப்பவர் ஒருவர் பேச வாய் திறந்தால் உடனே தலைவரின் முகம் வந்துவிடுகிறது. ‘நரகத்தில் ஒரு ஞாயிறு’ மெதுவாகப் போகிறது, சலிப்பூட்டும் இடங்களும் உண்டு. ஆனால் அது என் கண்ணை நம்பி என்னை விட்டுவிட்டது. இந்தத் தொடர் என் தாடையைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருந்தது.

இதுவரை நான் சொன்னதில் ஒரு பெண்கூட இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். டீச்சரின் கேள்வியில் எனக்கு மிகவும் குத்திய சொல் அந்த ‘ஆம்பிளைகள்ட’ தான். ஏனென்றால் அது உண்மை.

ஆனால் பெண்கள் ஓடவில்லை என்பது உண்மை அல்ல. பெண்களுக்கான பிரான்ஸ் சுற்றுப் போட்டி 1955இல் ஒருமுறை நடந்தது. 1984 முதல் 1989 வரை ஆண்களின் போட்டியோடு சேர்த்து நடத்தினார்கள். முதல் ஆண்டில் வென்றவர் அமெரிக்காவின் மரியான் மார்ட்டின். அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதில்லை, நீங்களும் கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள். அதன்பின் அந்தப் பெரும் மேடை இல்லாமற் போய், எட்டு நாள் போட்டியாக 2022இல்தான் திரும்ப வந்தது. நெதர்லாந்தின் அன்னமீக் வான் வ்லூட்டன் வென்றார். இடைப்பட்ட காலத்தில் கேத்ரின் பேர்ட்டைன் என்ற வீராங்கனை தானே கமெராவைத் தூக்கி, 2014இல் ‘பாதி வீதி’ என்ற படத்தை எடுத்தார். பெண்களுக்கு ஏன் குறைந்த தூரம், ஏன் குறைந்த சம்பளம், ஏன் தொலைக்காட்சி இல்லை என்று அதிகாரிகளிடமே கேட்டார். ஏறக்குறைய ஒரு லட்சம் கையொப்பங்களும் திரட்டினார்கள். நான் வாதாடுவதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை: எவரும் படம் எடுக்காத போட்டி நடக்காத போட்டியாகிவிடுகிறது. பரிசுப் பணமும் கமெராவின் பின்னாலேயே போகிறது. பெண்களுக்கான பாரிஸ் – ரூபே முதன்முதலாக நடந்தது 2021 ஒக்டோபரில். ஆண்கள் தொடங்கி 125 வருடம் கழித்து. இங்கிலாந்தின் லிசி டெய்னன் கைகளில் இரத்தம் வடிய அதை வென்றார். அவருக்குப் பரிசு 1,535 யூரோ. மறுநாள் அதே போட்டியில் வென்ற ஆணுக்கு 30,000 யூரோ. மீதியை அவருடைய குழுவே போட்டு நிரப்பியது.

இனிச் சொல்வதை டீச்சர் பொறுமையாக வாசிக்க வேண்டும். 2018இல் வந்த ‘ஆப்கன் சைக்கிள்ஸ்’ என்ற படத்தை சாரா மென்சீஸ் என்ற பெண் இயக்கினார். காபூலிலும் பாமியானிலும் சைக்கிள் ஓடும் நம் வயதுப் பிள்ளைகள் அதில் வருகிறார்கள். தலையில் முக்காடு, அதன் மேல் ஹெல்மெட், நீளக் கை, நீளக் காற்சட்டை. வீதியில் கல் எறிகிறார்கள், காரால் உரசுகிறார்கள். அதற்கு முன்பே, 2016இல், பிரெஞ்சுத் தொலைக்காட்சிக்காகக் காபூலின் வீராங்கனைகளைப் பற்றி இன்னொரு ஆவணப்படம் எடுக்கப்பட்டது. அதில் மசோமா அலி சாதா என்ற மாணவியும் அவர் சகோதரியும் இருந்தார்கள். ஓய்வுபெற்ற சட்டத்தரணி ஒருவர் பிரான்சில் தம் வீட்டிலிருந்து அந்தப் படத்தைப் பார்த்தார். அந்தக் குடும்பத்துக்கு விசா கிடைக்க அவர் உதவினார். 2017இல் அவர்கள் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார்கள். 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் அகதிகள் அணிக்காக மசோமா ஹிஜாபுக்கு மேல் ஹெல்மெட் அணிந்து தனிநேர ஓட்டத்தில் ஓடினார். 25 பேரில் கடைசியாக வந்தார். முதலாவது வந்தவர் நான் மேலே சொன்ன வான் வ்லூட்டன்தான். ஒரே நாளில், ஒரே வீதியில்.

அடுத்த மாதமே காபூல் மாறியது. தப்பி வந்த வீராங்கனைகளுக்காக 2022 ஒக்டோபரில் சுவிட்சர்லாந்தின் ஏகிள் என்ற ஊரில் ஆப்கான் பெண்களின் தேசியப் போட்டி நடந்தது. சொந்த நாட்டின் பட்டத்தை அடுத்தவர் நாட்டு வீதியில் ஓடித்தான் வெல்ல வேண்டியிருந்தது. பரிபா ஹாஷிமி முதலாவது, அவர் சகோதரி யுல்துஸ் இரண்டாவது. இருவரும் 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓடினார்கள்.

நானறிந்தவரை இந்தப் படங்களில் உள்ள பிள்ளைகள் யாரும் மார்க்கத்தை விட்டுச் சைக்கிளைப் பிடித்தவர்கள் அல்ல. தொழுது, நோன்பு பிடித்து, அதே உடையில் ஓடுகிறார்கள். அவர்களைத் தடுத்தது சைக்கிளின் இருக்கையோ உடையோ அல்ல, வீதியில் நின்றவர்களின் கண். நம் தமிழ்ப் பெண்களுக்கும் இது புதிதல்ல. தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பழக்கியபோது பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள், முஸ்லிம் பெண்கள் உட்பட, வீதிக்கு வந்தார்கள். காத்தான்குடித் தோழிக்கு நான் இதைச் சொன்னபோது, “இதெல்லாம் ஒரு செய்தியா?” என்றாள். அவள் உம்மும்மா மீன் வாங்கவே சைக்கிளில்தான் போவாராம்.

சில தோழியர், நமக்கு நம் ஊர்ப் படமே போதும், வெளிநாட்டுப் படம் எதற்கு என்றார்கள். நம் ஊர்ப் படம் எங்கே இருக்கிறது என்று காட்டினால் நானும் அதையே பார்ப்பேன். ஏ7 வீதியில் நடந்த எந்தச் சைக்கிள் போட்டியைப் பற்றியும் அரை மணி நேரப் படம் ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை. தேடினால் வருவது நீர்வீழ்ச்சி, தேயிலைத் தோட்டம், நீல ரயில். வெளிநாட்டுச் சைக்கிள்காரர்கள் தம் ஹெல்மெட்டில் கமெராவைப் பூட்டிக்கொண்டு எங்கள் மலையில் ஏறி எடுத்த படங்களும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் எங்கள் கடை இரண்டு விநாடி வந்து போகிறது. வாசலில் வாப்பா நிற்கிறார். அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது.

ஆகவே தமிழ் மன்றத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. அடுத்த தவணையில் ‘நரகத்தில் ஒரு ஞாயிறு’ அல்லது ‘ஆப்கன் சைக்கிள்ஸ்’ திரையிட ஒரு பின்னேரம் தாருங்கள். எனக்கு இரண்டாவதுதான் விருப்பம், ஆனால் முதலாவது இன்னும் நல்ல படம் என்பதை மறைக்கமாட்டேன். மற்றது, வரும் ஏப்ரல் விடுமுறையில் ஊருக்குப் போகும் ஒவ்வொருவரும் தத்தம் ஊர்ப் புத்தாண்டு ஓட்டத்தைக் கைபேசியில் எடுத்து வாருங்கள். வெற்றிக் கோட்டில் நிற்காதீர்கள், அங்கே ஏற்கெனவே ஆயிரம் பேர் நிற்பார்கள். பாதி ஏற்றத்தில் நில்லுங்கள். கடைசி ஆள் வரும்வரை நில்லுங்கள்.

போன விடுமுறையில் வாப்பாவுக்கு மசோமாவின் ஓட்டத்தைக் கைபேசியில் காட்டினேன். கடையில் ஆளில்லாத நேரம், லுஹருக்குப் பின். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் பார்த்தார். “இந்தப் புள்ள எத்தனையாவது?” என்று கேட்டார். கடைசி என்றேன். மறுபடி ஒருமுறை போடச் சொன்னார். பிறகு எழும்பிப் பின் அறைக்குப் போய், கொக்கியிலிருந்து சைக்கிளை இறக்கி, சில்லைச் சுற்றிப் பார்த்து, டயரை விரலால் அமர்த்தினார். இரண்டு டியூபும் வெடித்துப் போயிருந்தன.

“ஹற்றனுக்குப் போனாத்தான் டியூப் எடுக்கலாம்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சைக்கிளைத் திரும்ப மேலே தூக்கவும் இல்லை.